அழையாமல் வர ஒரு ஆள் தேவை

கலெக்டர் கதவைத் திறந்து வைத்தாள். யாரோ மூடிவிட்டுப் போனார்கள்.

மறுபடி திறந்தாள். மறுபடி மூடினார்கள்.

இந்த நாட்டில் எல்லோரும் நல்லவர்கள். மாணவர் விடுதியில் ஒரு அறை திறந்து கிடந்தால், பாவம், மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று சத்தமில்லாமல் சாத்திவிடுவார்கள். உள்ளே எட்டிப் பார்ப்பது அநாகரிகம். அந்த நாகரிகம்தான் இன்று எங்களுக்கு எமன்.

கலெக்டர் என் அறைத்தோழி. கட்டடப் பொறியியலில் மேல்படிப்பு. அந்தப் பெயர் நான் வைத்தது. வந்திறங்கிய அன்றே என் துணிகள் அலமாரியில் எந்தத் தட்டுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டவளை வேறு எப்படி அழைப்பது?

அவள் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை ‘கதவு நாள்’. எந்தக் காலண்டரிலும் இருக்காது. அவள் அம்மாவழிக் குடும்பத்துக்கு மட்டும் சொந்தமான பண்டிகை. கதவைத் திறந்து வைத்துச் சமைக்க வேண்டும். கூப்பிடாமல் யாராவது உள்ளே வந்து சாப்பிட வேண்டும். அதற்கப்புறம்தான் வீட்டுக்காரர்கள் வாயில் பருக்கை வைக்கலாம். பிள்ளைகள் தனியாகப் போயிருந்தால் அவர்கள் இருக்குமிடத்திலும் ஒரு விருந்தாளி சாப்பிட்டாக வேண்டும். ஒரு இடம் பாக்கி என்றாலும் மொத்தக் குடும்பமும் பட்டினி.

ஊரில் வசூலுக்கு வந்த கேபிள்காரர் காலையிலேயே சாப்பிட்டுப் போய்விட்டார். அண்ணன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டு வந்து மாட்டிக்கொண்டார். பாக்கி இவள் மட்டும். கூடவே குடியிருக்கிற நான் விருந்தாளிக் கணக்கில் வரமாட்டேன். எங்களுக்கு இன்னும் காலை வகுப்பு நேரம். அங்கே மதியம் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் அப்பா சர்க்கரை நோயாளி.

போன் அடித்தது. கலெக்டர் ஸ்பீக்கரில் போட்டாள். அம்மா குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“அப்பாவுக்குக் கை நடுங்குதுடி. கேட்டா ஃபேன் காத்துங்கறார்.”

“ஒரு வாய் சாப்பிடச் சொல்லும்மா.”

“நான் சொல்லிக் கேக்கிற ஆளா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குப் புதுசா கேக்கப்போறாரா?”

மற்ற எல்லோரையும்விட அப்பாதான் இதில் கறார். காரணம் உண்டு. ஒரு கதவு நாளன்று அம்மா பிறந்த வீட்டுக்கு மின்சார மீட்டர் பார்க்க வந்து, சாப்பிட உட்காரவைக்கப்பட்ட வாலிபர் அவர். சாப்பிட்ட வீட்டிலேயே பெண் எடுத்தார்.

நான் ஒரு யோசனை சொன்னேன். “வந்தாங்க, சாப்பிட்டாங்கன்னு சொல்லிடுடி. யார் வந்து பாக்கப்போறா?”

அவள் அறை மூலை அடுப்பில் குழம்பைக் கிண்டியபடியே, திரும்பாமல் சொன்னாள். “அப்பா சமையல்கட்டுல போய் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டா மட்டும் யார் பாக்கப்போறா? அவர் செய்யலையே.”

இந்தப் பெண்ணோடு எப்படி வாதாடுவது? ஆனாலும் மூளை சும்மா இருக்கவில்லை. ஏதாவது பார்சல் வரவழைக்கலாம், கொண்டுவருகிறவன் வருவானே என்றேன். காசு கொடுத்து வரவைத்தால் அது விருந்தாளியா என்று தள்ளுபடி செய்தாள். எண்ணெயைப் புகையவிட்டு அலாரம் அடிக்க வைக்கலாம் என்றேன். மணி அடித்துக் கூப்பிடுவதும் கூப்பிடுவதுதான் என்றாள்.

கடைசியில் செருப்பு ஸ்டாண்டை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். இனி யாராலும் மூட முடியாது.

அதுதான் வினையானது. ஸ்டாண்டின் பாதி நடைபாதையில் நீட்டிக்கொண்டு நின்றது. எதிர் அறைக் கதவு படாரென்று திறந்தது.

நோட்டீஸ்.

அவளுக்கு நான் வைத்த பெயர். சட்டம் படிக்கிறவள். பொது ஃப்ரிட்ஜில், குளியலறையில், குப்பைத்தொட்டி மூடியில் என்று கண்ட இடத்தில் எல்லாம் எச்சரிக்கை ஒட்டுகிறவள். எங்கள் தாளிப்பு வாசனையைப் பற்றிப் போன வாரம்தான் ஒன்று ஒட்டியிருந்தாள். இப்போது ஸ்டாண்டை போனில் படம் எடுத்துவிட்டு, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றபடி ஆரம்பித்தாள். தீப்பிடித்தால் எல்லோரும் எந்த வழியாக ஓடுவது? விதிமுறை படித்தீர்களா, இல்லையா?

ஒரே ஒரு அடி. அதை எடுத்து வைத்தால் போதும். உள்ளே வாங்களேன் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். கலெக்டர் என் காலை நறுக்கென்று மிதித்தாள். அதைச் சொல்லிவிட்டால் அது அழைப்பு!

நோட்டீஸ் பேசிக்கொண்டே போனாள். கலெக்டர் தலையைக் குனிந்து, தப்பு எங்கள் மேல்தான் என்று ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டாள். நடிப்பில்லை, உண்மையாகவே. அதில் அடுப்பை மறந்துபோனாள்.

புஸ்ஸென்று சத்தம். குழம்பு பொங்கி வழிந்தது.

“அடக் கடவுளே” என்ற அர்த்தத்தில் தன் மொழியில் ஏதோ சொன்ன நோட்டீஸ், எங்கள் இருவரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து அடுப்பை அணைத்தாள்.

வந்துவிட்டாள். கூப்பிடாமல்.

கலெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வந்தவரை உட்காரச் சொல்வதில் தப்பில்லை. பிறகு ஒளிவுமறைவில்லாமல் முழுவதையும் சொன்னாள். கதவு, அப்பா, சர்க்கரை, நடுங்கும் கை. நோட்டீஸ் குறுக்கு விசாரணை செய்தாள். தான் மறுத்தால் என்ன ஆகும்?

அடுத்த ஆள் வரும்வரை அப்பா காத்திருப்பார் என்றாள் கலெக்டர்.

நோட்டீஸ் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். ஸ்டாண்டை முதலில் அகற்ற வேண்டும் என்றாள். நான் பறந்துபோய் நகர்த்திவிட்டு, கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றேன். அவள் உட்கார்ந்தாள். கலெக்டர் பரிமாறினாள். அவளும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரில்தான் இருந்தாள்.

நோட்டீஸ் ஒரு வாய் சாப்பிட்டாள். மென்றாள். தீர்ப்பு சொன்னாள்: உப்பு அதிகம்.

எனக்கு வந்த கோபத்துக்கு... கலெக்டரோ சந்தோஷமாகப் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“அப்பா, எதிர் ரூம் பொண்ணு வந்துட்டாங்க. சாப்பிடறாங்க. உப்பு ஜாஸ்தியாம்.”

அந்தப் பக்கம் அப்பா சிரிப்பது கேட்டது. “குறை சொல்றாளா? அப்ப அசல் விருந்தாளிதான். அன்னிக்கு நானும் அதையேதான் சொன்னேன்.”

“மீட்டர் பாக்க வந்தவருக்கு வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல” என்றார் பின்னாலிருந்து அம்மா. “சாப்பிடுங்க முதல்ல.”

தட்டு நகரும் சத்தம். கலெக்டர் போனைக் காதருகில் பிடித்துக்கொண்டு, அப்பா மெல்லுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, என் துணி எந்தத் தட்டில் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

“அந்தப் பொண்ணுக்கு இன்னும் கொஞ்சம் போடும்மா” என்றார் அப்பா. “அவளா கேக்க மாட்டா. அன்னிக்கு நானும் கேக்கல.”

கலெக்டர் கரண்டியோடு திரும்பினாள். நோட்டீஸ் போதும் என்று கையை நீட்டி மறிக்கவில்லை. எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், தட்டை மட்டும் ஒரு அங்குலம் முன்னால் தள்ளினாள்.