வலது மூலைக்கு இரண்டு பேர்

1.

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ரூ லூயி-பிளாங்க் என்ற பிரெஞ்சுத் தெருவில் நான் கோப்பை கழுவும் சாப்பாட்டுக்கடையில் இராஜேந்திரன் சமையல். ஒரு மத்தியானம் வெங்காயச் சாக்கின்மேல் இருந்துகொண்டு அவன்தான் சொன்னான்.

"அண்ணை, நீங்கள் இப்ப கதை எழுதுறியள்தானே. என்ர வீட்டில நடக்கிறதை எழுதுங்கோ. ஆனா மனுசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

அவன் மகன் யதுர்ஷனைப் பற்றித்தான் எழுதச் சொன்னான். மனைவி யோகராணி இல்லாமல் இந்தக் கதை ஓர் அடியும் நகராது என்பது மூன்றாம் முறை எழுதும்போதுதான் எனக்குப் பிடிபட்டது. எழுத்துக்கூட்டப் பழகியதே நாற்பதுக்குப் பிறகு என்பதால், மூன்று முறை எழுதுவது எனக்குப் பெரிய காரியமில்லை.

2.

முதல் தொடக்கம்: பச்சைப் புல்வெளியில் காலைச் சூரியன் தன் பொற்கதிர்களை—

அடித்துவிட்டேன். அந்த மைதானத்தில் புல் பிளாஸ்டிக்.

இரண்டாவது: யதுர்ஷனுக்கு உதைபந்தாட்டம் என்றால் உயிர்.

இதை வாசித்துக் காட்டியபோது யதுர்ஷன் தலையில் கைவைத்துக்கொண்டான். "மாமா, அது ஃபுட் இல்லை. ஃபுட் அமெரிக்கன்! கூடுதலா கையாலதான் விளையாடுறது."

"அப்ப ஏனடா ஃபுட் எண்டுறியள்?"

"அமெரிக்கனைக் கேளுங்கோ."

மூன்றாவது தொடக்கம் நிலைத்துவிட்டது: யதுர்ஷன் பின்னோக்கி ஓடுகிறான்.

3.

அவன் வேலையே அதுதான். எதிரணியில் ஒருவன் பந்தைப் பிடிக்க ஓடிவருவான். அவனைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓடி, பந்து வரும் கணத்தில் திரும்பிப் பாய்ந்து அதைத் தட்டிவிட வேண்டும். அணியின் இரு ஓரங்களிலும் இப்படி ஒவ்வொருவர். கோர்னர்பாக் என்பது பெயர். நான் மூலைக்காரன் என்று எழுதுகிறேன்.

பல்கலைக்கழக அணியில் இடது மூலை ஒரு குவாதலூப் தீவுப் பெடியனுடையது. அவனை யாரும் அசைக்க முடியாது. வலது மூலை காலி. அதற்கு இரண்டு பேர், இரண்டு பேரும் நம்மவர்கள், இரண்டு பேரும் காயப்பட்டு எழும்பி வந்தவர்கள். ஸ்தேனில் இருக்கும் யதுர்ஷனுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. பொண்டியில் இருக்கும் பிரின்ஸ்டனுக்குத் தோள்மூட்டு கழன்றது. கோடை முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்களுக்குள் ஓர் ஆட்டம் வைத்து கோச் ஒருவனைத் தெரிவுசெய்வார். அன்றைக்கு வராதவன் அந்தப் பருவம் முழுக்க மைதான ஓரத்து வாங்கில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

(அடிக்குறிப்பு. அடியில் இடமில்லை, இங்கேயே போடுகிறேன்: அதே ஞாயிறுதான் லா ஷப்பலில் பிள்ளையார் தேர். கோச்சுக்குத் தேர் தெரியாது. பிள்ளையாருக்கு கோச்சைத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.)

4.

கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும் என்று பிரின்ஸ்டனைக் கெட்டவனாக்கினேன். பொறாமையால் யதுர்ஷனின் சப்பாத்தை ஒளித்துவைத்த பிரின்ஸ்டன், ஒரு குரூரச் சிரிப்புடன்—

இந்த வசனம் இங்கேயே கிடக்கட்டும். ஏனென்றால் ஸ்தேனில் ஒரு பின்னேரம் இருவரையும் நேரில் பார்த்தேன். சேர்ந்துதான் பயிற்சி எடுத்தார்கள். ஒருவன் முன்னால் ஓட மற்றவன் பின்னால் ஓடினான், பிறகு மாறி ஓடினார்கள். ஏசிக்கொண்டது பிரெஞ்சில். என் காதில் அது இப்படித்தான் விழுந்தது:

"உன்ர முழங்கால் கிறீச் எண்டுது. எனக்கு இஞ்சை கேக்குது."

"உன்ர கை முதல் தோளுக்கு மேல போகட்டும். பஸ்ஸில கம்பியைப் பிடிப்பியோ நீ?"

நான் பிரின்ஸ்டனைத் தனியாகக் கேட்டேன். "போட்டிக்காரனை ஏனடா பழக்குறாய்?"

"இவன் இல்லாட்டி நான் ஆரை மறிச்சுப் பழகுறது, மாமா? மிச்சப்பேர் எல்லாம் ஸ்லோ."

கெட்டவன் போய்விட்டான். கதை இன்னும் கஷ்டமாகிவிட்டது.

5.

சத்திரசிகிச்சை அன்று யோகராணி நேர்ந்துகொண்டார்: பிள்ளை திரும்ப விளையாடினால், தேருக்குப் பின்னால் பிரதட்டை செய்விப்பேன். அதாவது வேட்டியோடு, வெறும் மேலோடு, தேர் போகும் தெருவில் அவன் உருண்டு போக வேண்டும். யதுர்ஷனுக்கு இது தெரியவந்தது அந்த ஞாயிறுக்கு முந்திய வாரம், சாப்பாட்டு மேசையில். நானும் அன்று அங்கே விருந்தாளி.

"ஆரைக் கேட்டு நேர்ந்தனீங்கள்?"

"உன்னைக் கேட்கவோ? நீ மயங்கிக் கிடந்தனி."

"நான் இன்னும் ஒரு மச்சும் விளையாடேல்லை, அம்மா. விளையாடினால் எண்டுதானே நேர்ந்தனீங்கள்? பிள்ளையார் இன்னும் தன்ர வேலையை முடிக்கேல்லை."

"சாமியோட கொந்திரா கதைக்கிறியோ?" (கொந்திரா: பிரெஞ்சில் ஒப்பந்தம்.)

"அவன் சொல்லுறதிலயும் ஒரு நியாயம்..." என்று இராஜேந்திரன் தொடங்கினான்.

"நீங்கள் சோத்தைத் தின்னுங்கோ."

யோகராணியின் கண்களில் நீர்— (இல்லை. அவர் எனக்குப் பருப்பு விட்டார். விட்டுக்கொண்டே சொன்னார்.)

"சரி. நீ விளையாடப் போ. நேர்ந்தது நான்தானே, நான் அடியழிக்கிறன்."

பெண்கள் உருள்வதில்லை. ஓரடி வைத்து, தெருவில் விழுந்து கும்பிட்டு, எழும்பி, அடுத்த அடி வைப்பார்கள். தேர் சுற்றி வரும் வரைக்கும் அப்படியே. யோகராணி ஹோட்டல் அறைகளில் முழங்காலில் நின்று குளியலறை தேய்க்கிறவர். படியேறும்போது பக்கவாட்டாகத்தான் ஏறுவார். ஒரு முழங்கால் என்ன விலை என்று அந்த வீட்டில் நன்றாகத் தெரிந்தவன் யதுர்ஷன்.

அன்றைக்கே பிரின்ஸ்டன் யதுர்ஷனுக்குப் போன் எடுத்தான். விசயம் கேட்டுச் சிரித்தான். "எங்கட அம்மா ஓகஸ்டிலயே லூர்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மாதாவோட கணக்கை முடிச்சிட்டா. உங்கட ஆள்தான் லேட்."

பிறகு குரல் மாறியது. "நீ வராட்டி நானும் சும்மா நிப்பன் எண்டு நினையாதை. நான் விளையாடுவன்."

இந்த வரிக்காகவே எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

6.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

யதுர்ஷன் உருள்கிறான், கோச் நெகிழ்ந்து இடத்தைக் கொடுக்கிறார். வாசித்தால் கலியாண வீடியோ பார்த்தது போல இருந்தது.

அவன் விளையாடப் போகிறான், வெல்கிறான், தாய் தெருவில் விழுந்து எழும்ப முடியாமல் கிடக்கிறார். தண்டிக்கிற பிள்ளையாரை நான் கண்டதில்லை, எழுதவும் மாட்டேன்.

யோகராணி மனம் மாறி, "அடுத்த வருசம் செய், மகன்" என்கிறார். யோகராணியைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.

7.

ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். அந்த ஞாயிறு காலை நானும் அவர்களோடு ரயிலில் இருந்தேன். இராஜேந்திரன் தேரடியில் அன்னதானச் சமையலுக்கு முன்னமே போய்விட்டான். தேருக்கு என்றால் கார் து நோர் நிலையத்தில் இறங்க வேண்டும். மைதானத்துக்கு என்றால் இறங்காமல் அதே ரயிலிலேயே தெற்கே போக வேண்டும். யதுர்ஷனின் மடியில் விளையாட்டுப் பை. யோகராணியின் பையில் அவனுடைய வேட்டி. அவர் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சுரங்கத்துக்குள் போனபோது அவன் பையைத் திறந்து, ஆட்டத்தில் போடும் முழங்கால் மெத்தை ஒரு சோடியை எடுத்து நீட்டினான்.

"இதென்ன?"

"மேலதிகமா ஒண்டு இருக்கு. சாறிக்குள்ள போடுங்கோ. தெரியாது."

"சாமிக்கு முன்னால மெத்தை போட்டு விழுறதோ?"

சொல்லிவிட்டு, வாங்கித் தன் பையில் வேட்டிக்குமேல் வைத்தார்.

ரயில் நின்றது. யோகராணி இறங்கினார். நான் இறங்கினேன். திரும்பிப் பார்த்தபோது யதுர்ஷன் எழும்பி நின்றான், பை தோளில். கதவு மூடப்போகிறது என்று அந்தச் சத்தம் கத்தத் தொடங்கியது.

அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியும். யோகராணிக்குத் தெரியும், அரைமணி கழித்து கோச்சுக்கும் தெரிந்துவிட்டது. உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. மிச்சத்தை நீங்களே எழுதுங்கள்: இறக்குங்கள், ஏற்றுங்கள், பிரின்ஸ்டனுக்கு வலது மூலையைக் கொடுங்கள், பறியுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. கதையை முடிக்க வழி தெரியாதபோது யாருடைய காலையாவது முறித்துவிடுவது எழுதுகிறவர்களின் பழக்கம். இவர்களில் ஒருவருடைய முழங்காலிலும் கைவைக்காமல் முடியுங்கள்.