சுகப்பிரசவத்துக்கு ஒரு ஜெபமாலை

கோயில் ஜெபக்குழுவான மரியாயின் சேனையில் நோயாளி வீட்டுக்கு ஒற்றை ஆளாகப் போகும் வழக்கமில்லை. இரண்டு பேராகத்தான் போவார்கள். லீமாரோஸ் அக்காவுக்கு ஜோடி ஜெப்சி. அவளும் வயிற்றுப் பிள்ளையும் இறந்துபோனபின் அக்கா வேறு ஆள் தேடவில்லை. ஜெப்சியின் புருஷன் டென்னிஸின் வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"கில்பர்ட் பெரியப்பாவுக்குத் தாடி காடா வளர்ந்து கெடக்கு. நான் ஜெபம் சொல்லலாம், சவரம் பண்ண முடியுமா? சட்டைய மாட்டிட்டு வா தம்பி."

மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே. சட்டையை மாட்டினான்.

தங்கச்சிமடம் கடற்கரைத் தெருவில் நடக்கும்போது அக்கா குரலைத் தாழ்த்தினாள். "ஜெப்சி பிரசவத்துக்குத் தொண்டியில அவுக அம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். வாதத்துல விழுந்த மனுசன், தாங்க மாட்டாரு. நீயும் அப்படியே சொல்லிரு."

அது அவனுக்குப் பிடித்திருந்தது. ஊரில் ஒரு வீட்டிலாவது அவள் உயிரோடு இருந்தாள்.

கில்பர்ட் கட்டிலில் சாய்ந்திருந்தார். விசைப்படகு ஓட்டிய உடம்பு. வலப்பக்கம் விளங்காமல் போயிருந்தது. டென்னிஸ் சோப்பு நுரை தடவி ஒரு கன்னத்தை மழித்தான்.

"ஏலே, காலேசு படிச்ச கைக்குக் கத்தி பிடிக்கத் தெரியுமா? என் மூக்கு பத்திரம்."

"அசையாம இருங்க பெரியப்பா."

"ஜெப்சிக்கு எப்ப நாள் சொல்லியிருக்காக? தினமும் ஒரு ஜெபமாலை அவளுக்குத்தான். சுகப்பிரசவம் ஆகணும்னு மாதாகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன்."

கத்தி நின்றது. சொல்லாதே என்று அக்கா கண்ணைக் காட்டினாள். அவளை அடக்கம் செய்த பிறகு டென்னிஸ் ஒரு ஜெபமும் சொன்னதில்லை. ஆனாலும் ஒன்று உறைத்தது. தினமும் ஒரு முழு ஜெபமாலை, இனி பிறக்கப்போகாத பிள்ளையின் பேரில் போய்க்கொண்டிருந்தது. அவள் ஆன்மாவுக்கு அதில் ஒரு ஜெபமணிகூட இல்லை.

"அந்த வேண்டுதல மாத்தணும் பெரியப்பா," என்றான். "அவ செத்துப்போயிட்டா. பிள்ளையும்."

அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை.

மழிக்காத கன்னத்து நுரையில் கண்ணீர் கோடு இழுத்தது. "கெடையில கெடக்குற என்னைய விட்டுட்டு அவளக் கூப்பிட்டுக்கிட்டாரே ஆண்டவரு..." என்று கிழவர் குழறினார். டென்னிஸ் துண்டால் துடைத்தான். துடைக்கத் துடைக்க வந்தது.

"அழாதீங்க. ஆண்டவர்கிட்ட இருக்கா."

மற்றவர்கள் சொன்னபோதெல்லாம் அவனை எழுந்து போகவைத்த வார்த்தை. அழுகிற ஒருவருக்குத் தானே சொன்னபோது பொய் சொல்வதாகத் தோன்றவில்லை.

"சொல்லாதன்னேன்ல," என்று அக்கா முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

கில்பர்ட் இடது கையால் சிலுவை போட்டு, இறந்தவர்களுக்காக நித்திய இளைப்பாற்றி கேட்கும் ஜெபத்தை அவளுக்காகக் குழறலாகத் தொடங்கினார். மறுமொழியை டென்னிஸ் சொன்னான். அசதி போகவில்லை, நின்றுகொண்டே இருந்தவனுக்கு உட்கார இடம் கிடைத்தது போலிருந்தது, அவ்வளவுதான்.

நுரை காய்ந்துவிட்டிருந்தது. வேறு குழைத்து, மறு கன்னத்தில் தடவினான்.