சயாமில் முடிந்த அடி

ஆபீஸ் கடிகாரத்தில் ஜப்பான்காரன் திருப்பி வைத்த டோக்கியோ நேரம் பத்தரை. வெயிலுக்கு இன்னும் ஒன்பதுதான்.

பாடாங் மேஹா தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்த மேட்டில் பதினோரு பெண்கள் வரிசையாக நின்று, மரவள்ளி நட மண் கொத்திக்கொண்டிருந்தார்கள். வாயும் சும்மா இல்லை. ஒருத்தி இரண்டடிப் பாட்டுக் கட்டுவாள். அது எந்தச் சொல்லில் முடிகிறதோ, அதே சொல்லில் பக்கத்திலிருப்பவள் தொடங்க வேண்டும். இரண்டடிக்கும் எதுகை சேர வேண்டும். ஏழு வெட்டு விழுவதற்குள் வாய் திறக்காதவள், வேலை முடிந்ததும் எல்லார் மண்வெட்டியையும் ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும்.

மூன்று வாரமாகச் சுமந்தவள் ரோசம்மா. சுங்கைப் பட்டாணியில் கான்வென்ட் படித்தவள். புத்தகப் பாட்டெல்லாம் மனப்பாடம். மண் கொத்திக்கொண்டே கட்டத்தான் வரவில்லை. மருதம்மாள் அவளுக்கு "டவுன் கழுதை" என்று பேர் வைத்திருந்தாள். மருதம்மாள் ஒரு நாளும் சுமந்ததில்லை. அவளை ஒரு தரமாவது சுமக்க வைத்துவிட வேண்டும் என்று ரோசம்மாவுக்கு வெறி. வரிசையில் மருதம்மாள் அவளுக்கு அடுத்தவள், கடைசி ஆள்; பாட்டு அவளைத் தொட்டதும் வந்த வழியே திரும்பும்.

நேற்று சுமந்துபோகும்போதுதான் சூட்சுமம் பிடிபட்டது. பாட்டைத் தலையிலிருந்து கட்டக் கூடாது. வாலைப் பிடிக்க வேண்டும். அடுத்தவள் திணறுகிற சொல்லை முதலில் கடைசியில் வைத்துவிட்டு, அங்கிருந்து பின்னால் நடந்து வர வேண்டும். அப்போதிருந்து அவளுக்குக் கிழங்குகூட இறங்கவில்லை.

ரோசம்மாவுக்கு இந்தப் பக்கம் நின்ற பிச்சையம்மாள் பாடினாள்.

"கிழங்கு வெந்து ஆறுமுன்னே கேக்குதடி புள்ள,
உழக்கரிசி கண்டிடுமோ உறங்குமந்தப் பானை."

பானை. ஆனை. எதுகை கிடைத்துவிட்டது. வால்? ரோசம்மா தேடினாள். எதுகைக்கு எளிதில் இடம் கொடுக்காத சொல். வந்தே விட்டது.

"பானையில சோறுமில்ல, பசியடங்க வழியுமில்ல,
ஆனையையும் ரயிலிலேத்தி அனுப்பிடுவான் சயாம்!"

யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. மருதம்மாளின் புருசன் முனியாண்டியை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப்போய்ப் பதினாலு மாதம். ஒரு சேதி இல்லை. அவள் காதுபட அந்த ஊரின் பேரைத் தோட்டத்தில் யாரும் சொல்வதில்லை. ரோசம்மாவும் சொன்னதில்லை.

ஒரு வெட்டு. இரண்டு.

"அக்கா, இது வேணாம். வேற கட்டுறேன்."

மருதம்மாள் நிமிரவில்லை. மூன்று. நாலு.

"நானே சுமக்கிறேன்க்கா. பாட்ட வுட்டுடுங்க." ரோசம்மா அவள் மண்வெட்டிக் காம்பைப் பிடித்தாள்.

"கைய எடுடி. குடுத்தத திருப்பி வாங்குவியா?"

ஐந்து. ஆறு.

"சயாமுக்குப் போன மச்சான் சண்டைக்கு ஆளில்லாம,
தயங்கித் தயங்கித் தாடியோட தண்டவாளத்துல வருவான்."

பிச்சையம்மாளுக்கு முதலில் சிரிப்பு வெடித்தது. பிறகு வரிசை முழுக்க. ஒருத்தி மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குந்திச் சிரித்தாள்.

"என்னாடி மருதம்மா, கட்டுன புருசன மரியாதயில்லாம 'வருவான்'னுட்ட?"

"வந்து கேக்கட்டும்லா," என்றாள் மருதம்மாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி கொத்தத் தொடங்கினாள். ரோசம்மா இன்னும் அசையாமல் நின்றாள்.

"நாலு வெட்டு ஆச்சுடி, கழுதை. இன்னிக்கும் சுமக்கப் போறியா, இல்ல 'வருவான்'னு எடுக்கப் போறியா?"