மனை எண் 17: காரணம் தெளிவாக எழுதவும்

1

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும் அவர்கள் இருந்த இடமும்:

தலைவர் ஜெகதீஸ்வரன், மின்விசிறிக்கு நேர் கீழே, கைவைத்த நாற்காலியில். புகார் கொடுத்த எதிர்வீட்டு சஃப்ரின், முதல் வரிசை ஓரத்தில், நனைந்த குடையைக் காலடியில் சாய்த்து வைத்துக்கொண்டு. செயலாளர் குத்தாலிங்கம், தலைவருக்கு இடப்பக்கம், கோப்புகள் அடுக்கிய மேசைக்குப் பின்னால். மற்ற உறுப்பினர்கள் இருபத்தொரு பேர், நான்கு வரிசையில். மனை எண் 17 கோமதியம்மாள், வாசல் தூணை ஒட்டி நின்றார். இருக்கை கொடுத்தும் அமரவில்லை.

இந்தக் கதை அந்தக் கடைசி வரியிலிருந்து வந்தது. கூட்டக் குறிப்பேட்டில் அதை எழுதியபோது அவமரியாதையைப் பதிவு செய்வதாகத்தான் நினைப்பு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஏழு நாள் அவகாசம். ஆறு நாளாக ‘மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு’ என்ற வரியைத் தாண்டியதும் கடிதம் கதையாகிவிடுகிறது. குத்தாலிங்கம் என்பதும் நான்தான். ஆனால் கூட்டக் குறிப்பில் ‘நான்’ என்று எழுதும் வழக்கமில்லை. செயலாளர் வாசித்தார், செயலாளர் தெரிவித்தார் என்றே போகும். அந்த வழக்கப்படியே போகிறேன். சில இடங்களில் அது வசதியாகவும் இருக்கிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘சாரல் விழும் காலத்தில் இலஞ்சியைப் பார்த்தால்—’

(அடித்தாயிற்று. அது அருவியில் குளிக்க வருகிறவர்கள் எழுத வேண்டிய வாக்கியம்.)

இரண்டாவது முயற்சி: ‘விதி 11. வீட்டின் முன்புறச் செடிகள் மூன்றடிக்கு மேலும், புல் மூன்று அங்குலத்துக்கு மேலும் வளரக் கூடாது.’

இது இருக்கட்டும். எல்லாம் நடந்தது இதனால்தான். இலஞ்சி ரோட்டில், வயலாக இருந்த இடத்தில், முப்பத்து நான்கு வீடுகள். சென்னையில் ஏதோ குடியிருப்பில் எழுதிய விதிகளை வரி விடாமல் எடுத்து வந்தோம். இங்கே ஆனியும் ஆடியும் சாரல். திங்கட்கிழமை வெட்டிய புல் வெள்ளிக்கிழமை கணுக்காலில் உரசும். இருந்தாலும் விதி விதிதான் என்று செயலாளர் அடிஅளவுகோலோடு தெருத்தெருவாக நடந்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்தவர். கடிதத்துக்கு எண் போடுவதும், நகல் வைப்பதும், சிவப்பு மையில் அடிக்கோடிடுவதும் அவருக்குச் சாப்பாடு மாதிரி.

மனை எண் 17-இன் முன்னால் செம்பருத்தி, இரண்டு வரிசையாக, ஏழடி. உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாத அடர்த்தி. பாம்பு அடையும், பிள்ளைகள் விளையாடுகிற இடம் என்று சஃப்ரின் எழுதிக் கொடுத்தார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

3

செயலாளர் மூன்று அறிவிப்புகள் அனுப்பினார். கோமதியம்மாளின் வீடு அவர் வீட்டிலிருந்து நூறு தப்படி. மூன்றும் பதிவுத் தபாலில் போயின, ஒப்புகை அட்டையோடு.

முதல் இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், நீல மையில்: ‘வீட்டுக் காரணம். செடி இருக்கட்டும். தயவுசெய்து.’

அந்த இரண்டு தாளையும் செயலாளர் திருப்பி அனுப்பினார். ‘வீட்டுக் காரணம்’ என்பதன் அடியில் சிவப்புக் கோடு. ஓரத்தில்: ‘காரணம் தெளிவாக எழுதவும்.’

மூன்றாவதற்குப் பதில் இல்லை. அவர் கூட்டத்துக்கே வந்தார். வந்து தூணோரம் நின்றார்.*

* இங்கே ஒரு அடிக்குறிப்பு தேவை. போடாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்தச் செடிக்குப் பின்னாலிருந்து பகல் முழுக்க ஒரு சத்தம் வரும். கம்பியில் இரும்பு வளையம் உரசி ஓடும் சத்தம். இந்தக் கோடிக்கு ஓடும், நிற்கும், அந்தக் கோடிக்கு ஓடும். ‘தாங்கள் வளர்க்கும் நாயை ஏழு நாட்களுக்குள் பதிவு செய்யவும்’ என்று செயலாளர் தனியாக ஒரு படிவம் அனுப்பினார். அது பூர்த்தியாகித் திரும்பி வந்தது. பெயர்: மணி. தடுப்பூசி: போட்டாச்சு. கீழே கோமதியம்மாளின் கையெழுத்து. அந்தப் படிவம் இப்போதும் கோப்பில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

4

தீர்மானப்படி செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வெட்டு. கோமதியம்மாள் வீட்டில் இல்லை. மருந்து வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தது பிறகுதான் தெரியும். ஆளில்லாத நேரமும் நல்லதுதான், பேச்சு வளராது என்று செயலாளர் நினைத்தார்.

(இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் நல்லவராக எழுதிப் பார்த்தேன். ‘அவர் மனம் ஏனோ—’ இல்லை. அவர் மனம் ஏனோ எதுவும் செய்யவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.)

தோட்டவேலை பார்க்கும் பேராச்சி அரிவாளை வீசினாள். முதல் வரிசை சாய்ந்தது. இரண்டாவது வரிசையில் நாலு தூர் வெட்டியதும் கை நின்றுவிட்டது.

“அண்ணாச்சி, இங்கன வாங்க. இது நாயி இல்ல.”

சுவரிலிருந்து மாமரம் வரைக்கும் ஒரு கம்பி. கம்பியில் ஒரு வளையம். வளையத்திலிருந்து, முறுக்கிய பழைய பருத்திச் சேலை ஒன்று இறங்கி ஒரு மனிதரின் இடுப்பைச் சுற்றியிருந்தது. முடிச்சு முதுகுப்பக்கம், அவர் கைக்கு எட்டாத இடத்தில். வெள்ளை பனியன், மடிப்புக் கலையாத வேட்டி, வழித்த முகம். கம்பிக்குக் கீழே மண் இறுகி ஒற்றையடிப் பாதையாகிக் கிடந்தது.

அவர் நடையை நிறுத்தினார். கக்கத்தில் கோப்போடு நின்ற செயலாளரைப் பார்த்தார். குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

“எல்லாம் அமைதியா இருக்குங்கய்யா.”

செயலாளருக்குக் கை எழவில்லை. கோப்பு கக்கத்திலிருந்து நழுவியதுகூடத் தெரியவில்லை. பேராச்சிதான் குனிந்து எடுத்தாள்.

செல்லச்சாமி. ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர், கோமதியம்மாளின் கணவர். பெங்களூரில் மகனோடு இருக்கிறார் என்று நாங்கள் எல்லோரும் ஒன்றரை வருடமாக நம்பியிருந்தோம்.

அரை மணி நேரத்தில் கோமதியம்மாள் வந்துவிட்டார். சாய்ந்து கிடந்த செம்பருத்தியைத் தாண்டி உள்ளே போனார். முதலில் கணவரின் இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்தார், சேலைக்கும் சதைக்கும் நடுவே விரல் போகிறதா என்று. பிறகுதான் பேசினார். ஞாபகம் போய்விட்டது, ஆனால் நடை நிற்கவில்லை என்றார். உள்ளே வைத்துப் பூட்டினால் கதவில் தலையை முட்டுகிறாராம். இரண்டு தடவை கண் தப்பிப் போய் ஐந்தருவி ரோட்டில் கண்டுபிடித்தாராம். பெரிய உத்தியோகம் பார்த்த மனுஷரை இந்தக் கோலத்தில் நாலு பேர் பார்க்கக் கூடாது என்றுதான் செடி.

கடைசியில் செயலாளரிடம் சத்தம் கூட்டாமல் கேட்டார்:

“ஒரு நாளு கதவத் தட்டியிருக்கலாம்லா, அண்ணாச்சி.”

அன்று சாயங்காலம் செயலாளர் கூட்டம் நடந்த கொட்டகைக்குப் போய் அந்தத் தூணோரம் நின்று பார்த்தார். அங்கிருந்து மனை எண் 17-இன் கேட் தெரிகிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியாது.

5

இங்கிருந்து ‘செயலாளர்’ என்று எழுத முடியவில்லை. செயலாளருக்கு இப்படிச் செய்ய அதிகாரம் இல்லை. ஆகவே நான்.

புதன்கிழமை அந்த வீட்டு முன்னால் கூட்டம் நின்றது. செல்லச்சாமி ஒவ்வொருவருக்கும் சல்யூட் அடித்தார். யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். சஃப்ரின் அதை நீக்கச் சொல்லி எழுதினார். பிறகு என் வீட்டுக்கு வந்து, பாம்பு என்று எழுதிய அந்தத் தாளைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டார். அன்று மத்தியானத்திலிருந்து கோமதியம்மாள் கணவரை வெளியே விடவில்லை. வளையச் சத்தம் நின்றுபோனது. அதற்குப் பதிலாகக் கதவில் முட்டும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

வியாழக்கிழமை தென்காசியில் நாற்றங்கால்காரர்கள் வாங்கும் பச்சை வலை வாங்கி வந்தேன், ஏழடி அகலம். பேராச்சியும் நானும் கட்டினோம். முடிச்சு எனக்கு நழுவி நழுவிப் போனது.

“நோட்டீசு எழுதுத கை முடிச்சுப் போடாதாக்கும்,” என்றாள். கூலி வாங்கவில்லை.

அரை மணி நேரத்தில் வளையம் ஓடத் தொடங்கிற்று.

விதி 12: முன்புறத்தில் வலை, தார்ப்பாய், ஓலை கட்டக் கூடாது. அதையும் படியெடுத்து எழுதியவன் நான்.

ஜெகதீஸ்வரன் கெட்டவர் இல்லை. நேரில் வந்தே சொன்னார். “மனசு கஷ்டமாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஒரு வீட்டுக்கு விட்டா நாளைக்கு ஆளாளுக்குத் தொங்கவிடுவாங்கள்லா. நீங்க எழுத்துல காரணம் குடுங்க. இல்லேன்னா எட்டாம் நாளு வலைய எடுத்துருவோம்.” பிறகு அறிவிப்பைக் கொடுத்தார். என்னுடைய அதே படிவம். அதே ஏழு நாள். கடைசி வரி: காரணம் தெளிவாக எழுதவும்.

6

முடிவுகள், பரிசீலனைக்கு:

(அ) வலையை எடுக்கிறார்கள். செல்லச்சாமி கதவுக்கு உள்ளே. நெற்றியில் கட்டு. இது விதிப்படி சரி.

(ஆ) அடுத்த சாரலுக்குள் செம்பருத்தி மறுபடி ஏழடி வளர்ந்து, எல்லோரும் சேர்ந்து— (போதும். செம்பருத்திக்கு எட்டாம் நாள் தெரியாது.)

(இ) செயலாளர் பதவி விலகுகிறார். இதுதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

எழுத வேண்டியது ஒரு நோய்ப் பெயர், ஒரு சேலை, ஒரு கம்பி. ஒரு பக்கம் போதும். ஆனால் எல்லோரும் கண்ணால் பார்த்த பிறகும் அது எழுத்தில் வேண்டும் என்கிறார்கள். எழுதினால் எண் போட்டு, நகல் எடுத்து, அந்த நாய்ப் படிவத்துக்கு அடுத்த தாளாகக் கோப்பில் ஏறும். நான் இன்னொரு தடவை அரிவாளை எடுத்துக் கொடுத்ததாக ஆகும். (உங்களிடம் மட்டும் ஏன் சொன்னாய் என்று கேட்பீர்கள். உங்களுக்குச் சொன்னதில் பெயர்கள் வேறு, மனை எண் வேறு. கதைக்கும் செம்பருத்தி அளவு உயரம் உண்டு.)

7

ஏழாம் நாள். வெள்ளைத் தாளின் மேல்பக்கம் தேதியும் பார்வை எண்ணும் போட்டேன். பொருள்: மனை எண் 17, பச்சை வலை. கீழே:

‘வீட்டுக் காரணம். வலை இருக்கட்டும். தயவுசெய்து.’

கையெழுத்து. நகல் எடுக்கவில்லை, என் வாழ்நாளில் முதல் தடவையாக. உறையை ஒட்டி விரலால் நீவிவிட்டேன். பதிவுத் தபால் அட்டை மேசையிலேயே கிடந்தது. குடையை விரித்துக்கொண்டு சாரலில் நடந்தேன். வழியெல்லாம் வளையச் சத்தம், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக. தலைவர் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினேன்.

கதவைத் திறப்பவரை நான் எழுதவில்லை. அங்கே நீங்கள் நில்லுங்கள். உறையை வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே மேசையில் ஒரு சிவப்புப் பேனா இருக்கும்.

இந்தாருங்கள்.