ஆள் வருது

பரளச்சிக்குப் போகும் சாலையில் இருக்கும் கலைக் கல்லூரியில், கணிதம் இரண்டாம் ஆண்டு வகுப்பில், மூன்றாவது பெஞ்சின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த காளீஸ்வரிக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பத்தொன்பது வயது. அதே காளீஸ்வரிக்கு மல்லாங்கிணற்றில் நாற்பத்தொன்று. மல்லாங்கிணற்றுக் காளீஸ்வரி நூல் மில்லில் ஷிப்டு பார்த்தாள், சின்னச்சாமியோடு குடும்பம் நடத்தினாள், தேவிபிரியா என்ற மகளைப் பெற்று வளர்த்தாள். பெஞ்சுக் காளீஸ்வரி பாடம் கேட்டாள், அவ்வளவுதான். இரண்டும் ஒரே ஆள் என்பது வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கரிசக்காட்டில் மழை பெய்தால் மட்டும்தான் ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பது வழக்கம். மற்ற அதிசயங்களுக்கு யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

இது எப்படி ஆரம்பித்தது என்றால் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குள் கிராமத்து வண்டி திரும்பும்போதே ஜனங்கள் கூடவே ஓடுவார்கள். ஜன்னல் வழியாகத் துண்டு, மஞ்சள் பை, தூக்குவாளி என்று கையில் அகப்பட்டதைச் சீட்டில் போடுவார்கள். அவசரத்தில் ஒருவர் நாட்டுக்கோழியைப் போட்டதும் உண்டு. கோழியும் பொறுப்பாக உட்கார்ந்து இடம் பிடித்தது. துண்டு கிடக்கும் சீட்டில் வேறு ஆள் உட்கார மாட்டார். வரப்புத் தகராறில் கோர்ட்டு வரை போன அண்ணன் தம்பிகள்கூட ஒருவர் துண்டை ஒருவர் தொடுவதில்லை. கேட்டால் பக்கத்துச் சீட்டுக்காரர் “ஆள் வருது” என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. நாட்டில் உள்ள மற்ற சட்டங்களை நாங்கள் தாராளமாகவே மீறுவோம். இந்த ஒன்றை மீறியதாக வரலாறு இல்லை.

காளீஸ்வரி இரண்டாம் ஆண்டில் இருந்த ஆனி மாதத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பிடித்துவிட்டது, ஆடி பிறப்பதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்றார்கள். படிப்பு இதோடு முடிந்தது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வருவோம் என்றுதான் நினைத்தாள். அதனால் பஸ் பழக்கத்தில் கைக்குட்டையை மடித்துப் பெஞ்சில் போட்டுவிட்டு, “பாத்துக்கடி, யாரையும் உக்கார விட்றாத” என்று பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போனாள். கல்யாணம் முடிந்தது, மறுவீடு முடிந்தது, ஆடியும் முடிந்தது. கைக்குட்டை கிடந்தது. பிள்ளையார் சதுர்த்தி விடுமுறை கழித்து வந்து பார்த்தபோது கைக்குட்டையைப் பிடித்தபடி ஒரு கை இருந்தது, கண்ணாடி வளையல் போட்ட கை. வாத்தியார் பார்த்தார், கை மட்டும்தானே என்று பாடத்தைத் தொடர்ந்தார். தீபாவளிக்குள் தோள் வந்தது. பொங்கலுக்குப் பச்சைத் தாவணியில் முழுப் பெண்ணும் வந்துவிட்டாள். பெயரைக் கூப்பிட்டால் “பிரசென்ட் சார்” என்றாள். பேனா மட்டும் பிடிக்க வரவில்லை, விரல்களுக்குள் புகுந்து கீழே விழுந்தது. தேர்வுத் தாள் வெள்ளையாகவே போனதால் அடுத்த வருஷமும் அவள் இரண்டாம் ஆண்டிலேயே இருந்தாள். அதற்கடுத்த வருஷமும்.

மல்லாங்கிணற்றில் அவளுக்குக் காதில் பாடம் கேட்டது. பத்து மணி ஆனதும், மில் இரைச்சலுக்கு நடுவில், ஒரு வாத்தியார் தொண்டையைச் செருமிவிட்டு வகைக்கெழுச் சமன்பாடு நடத்தத் தொடங்குவார். நாலு மணிக்கு மணி அடிக்கும். வாத்தியார்கள் மாறினார்கள், இருமல்கள் மாறின, பாடம் மாறவில்லை. இத்தனை வருஷம் கேட்டதில் அவள் கணக்கில் புலியாகியிருப்பாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பக்கத்து வீட்டு டிவியைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பது மாதிரித்தான் அது. சத்தம் வந்தது, சங்கதி வரவில்லை. ஒருநாள் வாத்தியார் ஏதோ கேள்வி கேட்டு வகுப்பே மௌனமானபோது, இவளும் பதிலுக்காகக் காத்து நின்றுவிட்டாள். அறுந்த நூலை ஒட்டப் போன இடது மோதிர விரலின் நுனி மிஷினோடு போயிற்று. “பத்து மணிலேருந்து நாலு மணி வரைக்கும் எனக்குப் பொண்டாட்டி கெடையாதுப்பா. அந்நேரம் பேசுனா சுவத்துக்கிட்டப் பேசுன மாதிரி” என்று சின்னச்சாமி டீக்கடையில் சொல்வார். வேடிக்கையாகத்தான் சொல்வார். ஆனால் கையில் இருக்கும் டீ ஆறிப்போகும்.

ஒரு பெஞ்சில் நடந்தது மற்ற பெஞ்சுகளுக்கும் பரவியது. பாதியில் போனவர்கள் எல்லோரும் எதையாவது விட்டுவிட்டுத்தான் போயிருந்தார்கள்: பவுடர் டப்பா, சீப்பு, ஒற்றைச் செருப்பு. வானம் பார்த்த பூமியில் கொத்தமல்லியும் பருத்தியும் காய்ந்த வருஷங்களில் நிறையப் பேர் போனார்கள், ஆகவே பெஞ்சுகள் நிறைந்தன. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள், பிறகு வராந்தாவில். நிர்வாகம் திருச்சுழிப் பக்கமிருந்து பேயோட்ட ஒரு கோடாங்கியை வரவழைத்தது. அவர் உடுக்கை அடிக்கும் முன் வகுப்பறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பி.ஏ. வரலாறு வகுப்பில் கடைசி பெஞ்சில், ஒரே வருஷம் படித்துவிட்டு நின்ற தன்னையே மீசையில்லாமல் பார்த்தார். உடுக்கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். வெளியூரிலிருந்து ஆய்வுக்கு வந்த குழுவோ மாணவர்களின் வருகையையும் அமைதியையும் வெகுவாகப் பாராட்டியது.

இந்த நிலையில்தான் ரேணுகாதேவி முதல்வராக வந்தார். அவர் பயப்படவும் இல்லை, அதிசயப்படவும் இல்லை. பெஞ்சு பெஞ்சாகப் போய் “ஆள் எப்போ வருது?” என்று கேட்டார். “இப்ப வந்துருவாக மேடம்” என்று எல்லா உருவமும் சொன்னது. அப்படியானால் வரவேண்டியவர்களைக் கூப்பிட்டால் தீர்ந்தது என்று முடிவு செய்தார். கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மில்லில் இருப்பவர்களுக்குப் பத்து மணி தூங்குகிற நேரம், விறகை மண்ணால் மூடிக் கரிமூட்டம் போட்டவர்கள் மூட்டத்தைவிட்டு அசைய முடியாது, கைக்குழந்தைக்காரி குழந்தையை எங்கே விடுவாள்? பத்து முதல் நாலு என்ற நேரம் வேறு வேலையே இல்லாத ஒரு ஜாதி மனிதர்களுக்காகப் போடப்பட்டது என்றும், அந்த ஜாதி இந்தப் பக்கம் எப்போதுமே குடியிருந்ததில்லை என்றும் ரேணுகாதேவி கண்டுபிடித்தார். இவ்வளவு பேர் இவ்வளவு காலம் பார்த்தும் கண்டுபிடிக்காத விஷயம் அது. கண்டுபிடித்ததும் எங்களுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் கல்லூரியை அவிழ்த்துப் போட்டார். மூன்றாம் ஷிப்டு விட்டு வருகிறவர்களுக்கு விடிந்ததும் ஒரு வகுப்பு, முதல் ஷிப்டு விட்டு வருகிறவர்களுக்கு மதியத்துக்கு மேல் ஒரு வகுப்பு. மின்விசிறி மாட்டாத கொக்கிகளில் தொட்டில் கட்டிக்கொள்ளலாம் என்றார். வரலாற்று வாத்தியார் மொபெட்டில் கருவேலங்காட்டுக்குப் போய், புகையும் மூட்டத்தின் பக்கத்தில் நின்று பாடம் நடத்தினார். மூட்டத்தில் வெடிப்பு விட்டால் மூட்டம் போட்டிருந்த பாலையா மண்வெட்டியோடு ஓடி மண் அப்பிவிட்டு வரும்வரை முதலாம் பானிபட் போர் நிறுத்தி வைக்கப்பட்டது. இருபது வருஷம் கழித்து இவர்களைத் தேர்வு எழுத விடலாமா என்று பல்கலைக்கழகத்தைக் கேட்டதற்கு, போதிய வருகை இருந்தால் ஆட்சேபணை இல்லை என்று பதில் வந்தது. வருகையில் காளீஸ்வரியை அடித்துக்கொள்ள மாநிலத்திலேயே ஆள் கிடையாது.

“படிச்சு என்னத்தச் செய்யப் போறெ?” என்று சின்னச்சாமி கேட்டார்.

“முடிக்கப் போறேன்” என்றாள் காளீஸ்வரி. அவர் வண்டியை எடுத்து அவளைக் கொண்டுபோய் விட்டார்.

பெஞ்சில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். தன்னையே பார்க்கிறோம் என்ற எண்ணம் அவள் முகத்தில் இல்லை. ஜன்னலோரச் சீட்டுக்கு வந்து நிற்கிற ஒரு நடுவயதுப் பெண்ணைப் பார்க்கிற முகம்தான்.

“ஆள் வருதுக்கா.”

“நாந்தான்டி அந்த ஆளு.”

“இப்படிச் சொல்லித்தான் எல்லாரும் எடம் பிடிக்கிறாக” என்று அவள் சிரித்தாள். “அவளுக்கு என் வயசுக்கா. கல்யாணத்துக்குப் போயிருக்கா. வந்துருவா.”

காளீஸ்வரி தரையில் உட்கார்ந்து பார்த்தாள். பாடம் நேராக அவளிடம் வரவில்லை. முதலில் மூன்றாவது பெஞ்சுக்குப் போய், அங்கிருந்து பழையபடி சுவர் தாண்டிய சத்தமாகத்தான் வந்தது. அந்தப் பெண் எழுந்து இடம் விடாமல் இவளுக்கு ஒரு வரி ஏறாது, ஏறாமல் தேர்வு இல்லை. எழுப்புவதற்கு ஒரு வழி இருந்தது. அதைப் பாலையா ஏற்கெனவே செய்து பார்த்திருந்தான். அவன் தன் உருவத்தின் முன் போய் நின்று, “ஏலே, அவன் வரமாட்டான்டா, எந்திரி” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டான். உருவம் எழுந்தது, கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டது, வாசலைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் நடந்தது. பாலையாவுக்குப் பாடம் கடகடவென்று ஏறியது, பின்னால் முதல் வகுப்பில் தேறினான். ஆனால் கல்லூரியைவிட்டு நின்ற நாள் வரை அவன் நினைவில் இருந்ததெல்லாம் அந்த உருவத்தோடு போய்விட்டது. அவன் படிப்பை நிறுத்தியதே அம்மா இறந்ததால்தான். இப்போது அம்மாவின் குரல் அவனுக்கு நினைவில்லை. “எப்படிப் பேசுவாகன்னு அக்காமாருகிட்டக் கேக்குறேன். அவுகளும் சொல்லத்தான் செய்றாக” என்று காளீஸ்வரியிடம் சொன்னான். “சொன்னா கேட்ட மாதிரி ஆகுமா மதினி?” சில நாள் சாயங்காலங்களில் மூட்டத்துக்கு அந்தப் பக்கம், புகைக்குள், ஒரு பையன் சூட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். எந்த ஊருப்பா என்று பாலையா கேட்பான். அவன் காட்டுக்குள் போய்விடுவான்.

காளீஸ்வரி அதைச் சொல்லத்தான் தினமும் கிளம்பி வந்தாள். ‘அவ வரமாட்டா’, அவ்வளவுதான், நாக்கு புரளும் நேரம்கூட ஆகாது. பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றதும், கைக்குட்டையை முழங்காலில் நீவிக்கொண்டு வாசலையே பார்த்திருக்கும் அந்த முகத்தைப் பார்ப்பாள், தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். ஐப்பசி வரை இப்படியே போயிற்று. அந்தப் பருவத் தேர்வையும் கோட்டை விட்டாள். கடைசியில் ஒருநாள், பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக ஒண்டுகிறவர்கள் கேட்பது போலக் கேட்டாள்.

“அவ வர்ற வரைக்கும் ஓரத்துல உக்காந்துக்கிறேன்த்தா. வந்தா எந்திரிச்சிருவேன்.”

பெண் வாசலை ஒருமுறை பார்த்தாள். “வந்ததும் எந்திரிச்சிரணும்க்கா” என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நகர்ந்தாள்.

அதற்குப் பிறகு பாடம் இருவருக்கும் பாதிப் பாதியாகப் போனது. பாதிப் பாடத்தை வைத்துக்கொண்டு பாஸ் பண்ணுவது எவ்வளவு சிரமம் என்று எங்களில் பலருக்கு அனுபவம் உண்டு. காளீஸ்வரி தவறினாள், மறுபடி எழுதினாள், மறுபடி தவறினாள். புரியாத இடத்தில் பக்கத்தில் இருப்பவளிடம் கேட்பாள், அவளும் முழித்துவிட்டு இவளிடமே திருப்பிக் கேட்பாள். அரைக்கால் மதிப்பெண் உபரியில்லாமல் இரண்டாம் ஆண்டைத் தாண்டியபோது வேறொரு சிக்கல் வந்தது. மூன்றாம் ஆண்டு வகுப்பு மாடியில். பெண் எழுந்து வர மாட்டேன் என்றாள், இடத்தைவிட்டு எழுந்தால் இடம் போய்விடும் என்றாள். அவள் சொன்னது சட்டப்படி சரி. ரேணுகாதேவி ஆட்களை வரச் சொன்னார். மில் பெண்களும் தறிக்காரர்களும் பெஞ்சின் காலைப் பிடித்து, அவள் உட்கார்ந்த மேனிக்கே, அம்மன் சப்பரத்தைத் தூக்குவது போலத் தோளில் தூக்கி மாடிப்படி ஏற்றினார்கள். திருப்பத்தில் பெஞ்சு சாய்ந்தபோது அவள் கைக்குட்டையை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டாள். எடை இருக்காது என்று நினைத்துத் தூக்கியவர்களுக்கு மூச்சு வாங்கியது. ஒரு பெண்பிள்ளையின் முழு எடையும் இருந்தது. அதன்பின் மற்ற பெஞ்சுகளையும் அப்படியே ஏற்றினார்கள். இப்போது அது கல்லூரி திறக்கும் நாள் சடங்காகவே ஆகிவிட்டது, மாலை போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

காளீஸ்வரிக்கு நாற்பத்து நாலு நடந்த வைகாசியில் முடிவு வந்தது. ரேணுகாதேவி மாடி வகுப்புக்கு வந்து, தேறியவர்களின் பெயரைச் சத்தமாகப் படித்தார். காளீஸ்வரி என்ற பெயர் வந்ததும் பெஞ்சுப் பெண் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் தன் பெஞ்சையே பார்த்துச் சிரிப்பதைக் கண்டாள். அப்புறம் மெல்லத் திரும்பி, ஓரத்தில் ஒண்டியிருந்தவளின் முகத்தை, நரைத்த வகிட்டை, நுனியில்லாத விரலை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“ஏன் இம்புட்டு லேட்டு?” என்றாள்.

கல்யாணம், மில், மாமியாரின் மருந்து, மகளின் காய்ச்சல் என்று காளீஸ்வரிக்குச் சொல்ல நிறைய இருந்தது. “பஸ்ஸு கெடைக்கல” என்றாள்.

பெண் தலையாட்டினாள். அந்தக் காரணத்தை ஏற்காதவர் இந்தப் பக்கம் யாருமில்லை. கைக்குட்டையை எடுத்துக் காளீஸ்வரியின் மடியில் வைத்தாள், எழுந்தாள், கால் மரத்துப்போயிருந்ததால் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காட்டுப் பக்கம் போவாளோ என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் காளீஸ்வரியின் பின்னாலேயே படியிறங்கினாள்.

சின்னச்சாமி வீட்டு வாசலில் இரண்டு பேரைப் பார்த்தார். உள்ளே போய் இன்னொரு தட்டைக் கழுவி வைத்தார். அவள் சாப்பிடவில்லை, ஆனால் தட்டின் முன் உட்கார்ந்தாள். தேவிபிரியாவோடு ஒரே பாயில் படுத்துக்கொண்டாள், அவள் தாவணியைத் தேவிபிரியா துவைத்துப் போட்டாள். பத்து மணிக்கு மேல் காளீஸ்வரியின் காதில் இப்போது ஒன்றும் கேட்பதில்லை, அந்த நிசப்தம்தான் அவளுக்குப் புதிது. சில சமயம் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு நிற்கிறாள், பெண் வந்து தோளைத் தொட்டதும் மறுபடி வேலையைப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சொந்தக்காரப் பிள்ளை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். புரட்டாசியில் தேவிபிரியாவுக்கு இருபது வயது ஆனது. மற்றவளுக்கு ஆகவில்லை.