மெல்லிய துணிக்காக மூடிய ஜன்னல்

1

இந்தக் கதை எனக்குத் தூசியில் கிடைத்தது. ஒரு தையல் கூடத்தைத் தாண்டிப் போகும்போது, மூடிய கண்ணாடி ஜன்னலுக்குள் வெயில் சாய்ந்திருந்தது. அதில் நூல்தூசி இறங்க மனமில்லாமல் மிதந்தது. என்ன அழகு என்று நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து முதல் வரியை எழுதினேன்: 'ஜன்னல் மூடியிருந்தது.'

(எனக்கு ரொம்பப் பிடித்த வரி. மறந்துவிடாதீர்கள்.)

2

உள்ளே இரண்டு பேரை உட்கார வைத்தேன். அக்கா தைப்பாள், தங்கை பொத்தான் வைப்பாள். ஒரே மேசை. அக்காவுக்கு இருமல். அது காசநோய் என்று தெரிவதற்குள் தங்கைக்கும் வந்துவிட்டது.

கிருமியையே கதை சொல்ல விட்டுப் பார்த்தேன். 'நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவனில்லை, போகிற போக்கில் ஒரு மூச்சில் ஏறி...' வேண்டாம். கிருமிக்கு இவ்வளவு வாய் ஆகாது.

3

அம்மாவைக் கொண்டுவந்தேன். வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாள்.

"உன்னாலதான்டி அவ படுத்துட்டா. எங்கயாவது போய் இரு."

அக்கா பையில் துணிகளை அடுக்கினாள். [நிறுத்தும்மா என்று எழுதி, அடித்துவிட்டேன்.]

தங்கைதான் படுக்கையிலிருந்து எழுந்தாள். "அவ இருமல் மட்டுமாம்மா காரணம்? ஆர்டர் அவசரம்னு சாப்பாட்டை மறந்து துரும்பா இளைச்சேனே, அது? அந்த ரூம்ல காத்தே கெடையாதே, அது?"

"ஏன், ஜன்னல் இல்லயா?"

"இருக்கு. மெல்லிசு துணிம்மா. திறந்தா வெட்டுன துண்டெல்லாம் பறந்துடும்னு மாஸ்டர் மூடியே வெச்சிருப்பாரு."

4

துணி வெட்டுகிற அந்த மாஸ்டரைப் பிடித்துக் கேட்டேன்.

"நல்லா இருக்கே கதை! மூடுனது நானா? முதல் வரியிலயே நீங்க மூடிட்டீங்க. அதுக்குத் தோதா நான் துணிய மெல்லிசாக்கிக்கிட்டேன், அவ்வளவுதான்."

தூக்கிவாரிப்போட்டது. கிருமி, ஆள், இடம் மூன்றும் கைகோத்தால்தான் நோய். இடத்தை அமைத்துக்கொடுத்தவன் நான். தூசி அழகாக மிதக்கட்டும் என்று காற்றை நிறுத்தியிருக்கிறேன்.

5

ஒரு முடிவு: அக்கா போய்விடுகிறாள். இருவருக்கும் மருந்தில் குணமாகிறது. அதே மேசையில் வேறொருத்தி உட்கார்ந்து இருமுகிறாள்.

இன்னொன்று: ஜன்னலைத் திறக்கிறேன். தூசியும் போகிறது, என் அழகான வரியும் போகிறது. வெட்டிய துண்டுகள் கூடமெங்கும் மெதுவாகப் பறக்கின்றன. மாஸ்டர் திட்டிக்கொண்டே கத்தரிக்கோலைத் துணிமேல் பாரமாக வைக்கிறார். தங்கைக்கு நோய் வந்தே இருக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அம்மாவுக்கு 'உன்னாலதான்' என்பது அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

6

முதல் வரியை அடித்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது.

'ஜன்னல் ________.'

எனக்கு இன்னும் அந்தத் தூசி மேல் ஆசை, என்னை நம்பாதீர்கள். நீங்கள் எழுதுங்கள். அக்கா பையோடு வாசலில் நிற்கிறாள், ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டாள். இன்னொரு செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அதை நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன்.