பாட்டை நிறுத்தியவன் யார் வீட்டு ஆள்

எங்கள் லுவோ இனத்துப் பெங்கா இசைக்கும் காங்கோக்காரர்களின் ரும்பாவுக்கும் நடக்கும் ஆட்டப் போட்டியில் மூன்று வருடமாக நாங்கள்தான் தோற்றுக்கொண்டிருந்தோம். காலில் குறையில்லை, குறை எல்லாம் வாயில். எங்கள் லுவோ ஆட்களுக்குப் பாட்டு சூடு பிடித்தவுடன் கையைத் தூக்கி அதை நிறுத்தியாக வேண்டும். "நான் இன்னார் மகன், இன்ன ஊர்க்காரன், என்னைக் கண்டால் ஏரியே ஒதுங்கி வழிவிடும்" என்று தன்னைத்தானே புகழ்ந்துகொண்டால்தான் வந்த திருப்தி. அதற்குப் பெயர் பக்ருவோக். பெங்கா வாத்தியக்காரர்களும் பொறுமையாகக் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து வாசிப்பார்கள். ஆனால் பாட்டு நின்றால் ஆட்டமும் நின்றுவிடுகிறதே. போன வருடம் ஒரே பாட்டைப் பதினொரு தடவை நிறுத்தினோம். ஒரு மீன் வியாபாரி தன் படகைப் புகழ்ந்து முடிப்பதற்குள் பாதிப் பேர் உட்கார்ந்து சோடா குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அதனால் இந்த ஈஸ்டர் திங்கட்கிழமைக்கு நெகேசா அக்கா புது விதி போட்டார். எங்கள் ஊரான கிசுமுவில் ஏரிக்கரை மீன் ஹோட்டல் அவருடையது, போட்டி நடப்பது அதன் முற்றத்தில். அவர் லுஹ்யா இனம், இரண்டு கட்சியிலும் சேராதவர். முரசு அதிர்ந்தால்தான் அவர் காதுக்கு அது இசை, மற்றதெல்லாம் கொசுச் சத்தம். அதனாலேயே அவரை நடுவராக வைத்திருந்தோம். யார் பாட்டுக்குக் குறைவான பேர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்களோ அந்தக் கட்சிக்கு வெற்றி. அது பழைய விதி. புது விதி, பாட்டு யாருடையதாக இருந்தாலும் அதை நடுவில் நிறுத்துகிறவர் எந்தக் கட்சியோ, அந்தக் கட்சி தோற்றது.

எங்கள் கட்சித் தலைவர் என் அப்பா ஒன்டிடி. படகு கட்டுகிறவர். ஒரு வாரமாக வீடு வீடாகப் போய் மிரட்டினார்.

"எவனாவது கையைத் தூக்கினீங்கன்னா அப்புறம் அந்தக் கையால உகாலிக் களி பிசைய முடியாது. பெருமை பேசணும்னா வீட்டுக்குப் போயி கோழிகிட்டப் பேசுங்க."

எனக்கும் ஜெயிக்க ஆசைதான். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. என் கணவர் முலும்பாவை அப்பா ஒரே ஒரு தடவை மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டும். முலும்பா காங்கோக்காரர், தையல்காரர், பிறவி ரும்பா கட்சி. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். அப்பா கல்யாணத்துக்கு வந்தார், கேக் சாப்பிட்டார், அன்றுவரை முலும்பாவைத் "தையல்காரரே, வாங்க" என்றுதான் கூப்பிட்டார். அந்த "வாங்க"வில் இருக்கும் மரியாதையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டால் ஒரே பதில். "அவங்க வீட்டுப் பெரியவர் ஒருத்தர் வந்து என் வீட்டு நாற்காலில உக்காரட்டும். அப்புறம் சொந்தம் கொண்டாடலாம்."

வருவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. இருக்கிறாரா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வீம்பாக இருந்தேன். நானும் அவர் மகள்தானே.

அன்றைக்கு மதியம் முதலில் ரும்பா. அவர்கள் தலைவர் கிபாங்கு அந்த வெயிலிலும் பச்சைக் கோட்டு, பச்சைத் தொப்பி, பச்சைச் செருப்போடு வந்து நின்று பாடினார். ரும்பா முதலில் மாவு பிசைவதுபோல மெதுவாகத்தான் இருக்கும். பிறகு கிதார்கள் ஓட ஆரம்பித்தால் இடுப்பு நம் பேச்சைக் கேட்காது. முலும்பா மணிக்கட்டில் ரும்பா கட்சியின் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு நடுவில் ஆடினார். அழகாகத்தான் ஆடினார், என் கண்ணே பட்டிருக்கும். நெகேசா அக்கா எண்ணிப் பார்த்தபோது உட்கார்ந்திருந்தவர்கள் நான்கே பேர்.

அடுத்து நாங்கள். நீலத் துணி கட்டியவர்கள் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினோம். பக்ருவோக் வாய்வரை வந்து, விழுங்கிவிட்டு ஆடுகிற முகங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த மீன் வியாபாரி கைகள் இரண்டையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டே ஆடினார். கடைசிப் பாட்டு வந்தபோது உட்கார்ந்திருந்தது இரண்டு பேர்தான், அதில் ஒருவருக்குக் காலில் மாவுக்கட்டு. அப்பா தோளை மட்டும் குலுக்கிக்கொண்டு, இருபது வயதுக்காரர் மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்.

ஜெயிக்கப்போகிறோம் என்ற குஷியில் நான் முலும்பாவையும் உள்ளே இழுத்தேன்.

"நான் எதிர்க்கட்சிடி," என்றார்.

"காலு எந்தக் கட்சின்னு பாக்கலாம் வாங்க."

வந்தார், ஆடினார், வியர்த்துச் சிரித்தார். அப்போது எங்கள் பாடகர் பாட்டோடு பாட்டாக "ஒன்டிடி கட்டிய படகு மூழ்காது, ஒன்டிடி பெற்ற மகள் அகேயோ சோர மாட்டாள்" என்று எங்கள் பெயர்களை எடுத்துவிட்டார். அதைக் கேட்டதும் இந்த மனிதருக்கு என்ன ஆயிற்றோ, கையைத் தூக்கிவிட்டார். வாத்தியக்காரர்களுக்குப் பழக்க தோஷம். சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

முலும்பா நெஞ்சை நிமிர்த்தி, எங்கள் மொழியிலேயே, முற்றம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"நான் முலும்பா. கபோங்கோவோட மகள். நான் தைச்ச மடிப்பு மழைல நனைஞ்சாலும் கலையாது. ஒன்டிடி வீட்டு மருமகள் நான்."

அவர் எங்கள் மொழியைக் கற்றது என் சிகை அலங்காரக் கடையில். அங்கே வரும் பெண்கள் எல்லாம் இன்னார் மகள், இன்னார் மருமகள் என்றுதான் பெருமை பேசுவார்கள். அவர் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார். முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்ததும்தான் எல்லாருக்கும் விதி ஞாபகம் வந்தது.

"எதிர்க்கட்சி நிறுத்திருச்சு, நாங்க ஜெயிச்சோம்," என்றார்கள் எங்கள் ஆட்கள். "கையில சிவப்புத் துணி பாருங்க."

கிபாங்கு தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "துணி எங்களது. ஆளு உங்களது. உங்க பாஷை, உங்க பழக்கம், உங்க பைத்தியம். நாங்க ஜெயிச்சோம்."

நெகேசா அக்கா கரண்டியோடு நடுவில் வந்து அப்பா முன்னால் நின்றார். "ஒன்டிடி அண்ணே, நீங்களே சொல்லுங்க. இவரு உங்க வீட்டு ஆளா? இல்லைன்னா நீங்க ஜெயிச்சீங்க. ஆமான்னா தோத்தீங்க. சீக்கிரம் சொல்லுங்க, மீன் தீயுது."

"இல்லைன்னு சொல்லுங்கண்ணே, மூணு வருசம்," என்று மீன் வியாபாரி கெஞ்சினார்.

நான் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்லிவிட்டால் இனி அவர் வீட்டு வாசல்படி மிதிக்கக்கூடாது என்று நினைத்தேன். பயமாக இருந்தது. எனக்கு அப்பாவும் வேண்டுமே.

முலும்பா அவர் அருகில் போய்த் தலையைக் குனிந்துகொண்டார். "ஐயா, இல்லைன்னே சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வாயை மூடு," என்றார். இரண்டு வருடத்தில் முதல் "நீ".

"கபோங்கோங்கிறது உன் அப்பாவா?"

"ஆமா ஐயா."

"எங்க இருக்காரு?"

"இல்லீங்க. எனக்கு ஏழு வயசுல போயிட்டாரு. அவரு பக்கம் வேற யாரும் இல்ல."

"ரெண்டு வருசமா அவரு வருவாரு வருவாருன்னு அந்த நாற்காலில யாரையும் உக்கார விடாம வெச்சிருக்கேன். சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலையே ஐயா."

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன். அவர் வீம்பும் என் வீம்பும் ஒரே மரத்தில் வெட்டியவை என்று இரண்டு பேருக்கும் அப்போது புரிந்தது. அப்பா தன் மணிக்கட்டிலிருந்த நீலத் துணியை அவிழ்த்து, முலும்பாவின் சிவப்புத் துணிக்கு மேலேயே கட்டினார்.

"மருமகளோ மருமகனோ, இது எங்க வீட்டு உருப்படி," என்றார் நெகேசா அக்காவிடம். "தோத்துட்டோம். பாட்டைப் போடச் சொல்லு."

எங்கள் ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். கிபாங்கு பச்சைக் கோட்டைக் கழற்றிவிட்டு வந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தார். நான் எல்லார் முன்னாலும் அழுதேன், யார் பார்த்தால் எனக்கென்ன. அப்பா என்னிடம் மட்டும் குனிந்து சொன்னார்:

"பொம்பளைங்க கடைல பாஷை கத்துக்கிட்டா இப்படித்தான் ஆகும். நாளைலேருந்து சாயங்காலமானா மாப்பிள்ளைய என்கிட்ட அனுப்பு."